வலக்கைப் பந்துவீச்சாளனின் இடது இடுப்பு

குனிந்தால் என் மகனுக்கு வலிக்கவில்லை. பின்னால் வளைந்தால்தான் வலித்தது. அந்த வித்தியாசத்தின் பொருள் தெரியாமல் ஏழு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அவனுக்கு 14 முடிந்து 15 நடக்கிறது. வலக்கை வேகப்பந்து வீசுகிறவன். ஜூனில் தைத்த பள்ளிக் கால்சட்டை டிசம்பரில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. அப்படி ஒரு வளர்த்தி. இடுப்புக்குச் சற்று மேலே, தண்டுவடத்துக்கு இடப்பக்கம், ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலி. பந்து வீசிய மாலையில் வரும், காலையில் போய்விடும். "வளருகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் என் அம்மா. தசைப்பிடிப்பு என்றார் பயிற்சியாளர். முதலில் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது என்று ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். மாத்திரையில் வலி அடங்கியது, அடங்கிய மறுநாளே வீசப் போய்விட்டான். எங்களுக்கு அதிகம் கெடுதல் செய்தது அந்த ஐந்து நாள் நிம்மதிதான்.

போட்டிகள் தொடங்குமுன் அகாடமியில் உடற்தகுதிச் சோதனை வைத்தார்கள். ஓடச் சொல்வார்கள், தண்டால் எடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் போனேன். வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். அளவு நாடா, ஸ்டாப்வாட்ச், ஒரு பாய், இவ்வளவுதான் கருவிகள். சட்டையைக் கழற்றிக் குனியச் சொல்லி, முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா என்று பார்த்தார். மல்லாக்கப் படுக்கவைத்து நீட்டிய காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே தொடையின் பின்தசை இழுத்துப் பிடித்தது. பெருவிரலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடச் சொன்னார். முழங்கையை ஊன்றி ஒருக்களித்து உடம்பைத் தூக்கி நிறுத்தச் சொன்னபோது வலப்பக்கம் தாக்குப்பிடித்த நேரத்தில் பாதிகூட இடப்பக்கம் தாங்கவில்லை. வேகப்பந்து வீசுகிறவன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அங்கேயே முகம் சுண்டிவிட்டது.

கடைசியாக ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையச் சொன்னார். வலக்காலில் வளைந்தான். இடக்காலில் வளைந்தபோது கீழுதட்டைக் கடித்தான்.

"வலிக்கிறதா தம்பி?"

"இல்லை அக்கா."

அவர் கையிலிருந்த படிவத்தில், 'கடந்த ஓராண்டில் முதுகுவலி உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே அவன் கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் போய்விடுமே என்ற பயம். அவர் படிவத்தை மூடிவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இந்தச் சோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள், அதுவரை ஒரு பந்துகூட வீச வேண்டாம் என்றார்.

செலவு கையைக் கடித்தது. ஆனால் விடை கிடைத்தது. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் இடப்புறத்தில் எலும்புக்குள் வீக்கம், மயிரிழை போல ஒரு விரிசல். விளையாட்டு மருத்துவர் கட்டுக்கம்பியை உதாரணம் காட்டினார். ஒருமுறை வளைத்தால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் வெடிக்கும். பந்து வீசும்போது முன்கால் தரையில் அறையும் கணத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பக்கவாட்டிலும் பின்னாலும் வளைகிறது. வலக்கைக்காரனுக்கு அந்த நெருக்கடி பெரும்பாலும் இடப்பக்கத்தில்தான் விழுமாம். ஆரம்பநிலை விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். இப்போதே கண்டுபிடித்ததால் ஓய்விலேயே எலும்பு ஒன்றுகூடிவிட வாய்ப்பு அதிகம் என்றார். இரவில் வலி எழுப்புகிறதா, கால் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா என்றும் கேட்டார். எதுவும் இல்லை. பிறகு, "வாரத்துக்கு எத்தனை பந்து வீசுகிறான்?" என்றார். நான் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னேன். மகன் தரையைப் பார்த்தான்.

அன்றிரவு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். செவ்வாய், வியாழன், வெள்ளி அகாடமி வலைப்பயிற்சியில் பத்துப் பத்து ஓவர். சனி பள்ளி அணிக்கு எட்டு. ஞாயிறு கிளப்புக்குப் பத்து. மொத்தம் 48 ஓவர், 288 பந்து. மொட்டைமாடியில் தம்பியோடு டென்னிஸ் பந்தில் வீசுவது தனிக்கணக்கு. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு நாளைக்கு 12 ஓவர் என்பது இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வைத்திருக்கும் வரம்பு. எந்த நாளிலும் இவன் அதைத் தாண்டவில்லை. ஆனால் ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இவன் வியாழன் முதல் ஞாயிறு வரை விடாமல் வீசியிருக்கிறான். மூன்று பயிற்சியாளர்களுக்கும் அவரவர் பங்கு மட்டும் தெரியும். மூன்று இடத்துக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். கூட்டிப் பார்த்திருக்க வேண்டியவனும் நான்தான்.

நான்கு மாதம் பந்தைத் தொடவில்லை. முதல் ஆறு வாரம் ஓட்டமும் இல்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர், காயங்களால் அடுத்த டெஸ்டுக்கு 2017 வரை காத்திருந்தார் என்று சொல்லி அவனைப் பயமுறுத்தப் பார்த்தேன். "திரும்பி வந்துவிட்டார் இல்லையா அப்பா?" என்றான். தினமும் பாயில் அதே ஒருக்களித்த பயிற்சி, இடுப்புக்கும் தொடைக்கும் சில. பள்ளி ஆட்டங்களில் ஸ்கோர் எழுதப் போய் உட்கார்ந்தான். வீடியோவில் பார்த்தபோது, வீசும் நேரத்தில் இடுப்பு ஒரு திசையிலும் தோள்கள் வேறு திசையிலும் திரும்பியிருந்தன. அதையும் மெல்லத் திருத்துகிறார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி ஓட்டத்தில், 12 பந்து என்று மீண்டும் தொடங்கினான். எண்ணிக்கையை அவனே எழுத ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நேற்றுப் புரட்டினேன். '36' என்று இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில், 'மொட்டைமாடி 10'. வீசியதற்குத் திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். எழுதியிருக்கிறானே என்று விட்டுவிட்டேன்.