ஓரியூர் செம்மண்ணும் அருளானந்தரும்

தேவகோட்டைல இருந்து திருவாடானை வழியா ஓரியூர் போய்ச் சேர்ந்தோம். சின்ன ஊருதான், ஆனா அங்க கால வச்சதும் மனசு தானா அடங்கிடுது. முதல்ல செம்மண் மேட்டுக்குத்தான் போனோம். பக்கத்துல ஒரு பாட்டி குனிஞ்சு ரெண்டு விரலால மண்ண எடுத்து பேரப்புள்ள நெத்தியில பூசி, மிச்சத்த தாள்ல மடிச்சு முந்தானைல முடிஞ்சுகிட்டாங்க. போர்ச்சுகல்ல இருந்து வந்த கத்தோலிக்க குரு ஜான் தெ பிரிட்டோ, நம்ம ஊர்ல அருளானந்தர், இங்க ரத்தம் சிந்துனதாலதான் இந்த மண்ணு இப்படி செவந்துச்சுங்கறது ஜனங்களோட நம்பிக்கை, சாதி மதம் பாக்காம எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க.

அவரு 1647ல லிஸ்பன்ல பொறந்தவரு, இளவரசரோட அரண்மனைல வளந்த புள்ள. அதையெல்லாம் விட்டுட்டு இயேசு சபை குருக்கள் நடத்துன மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, அசைவம் தொடாம, பண்டாரசாமியா, அதாவது நம்ம ஊர் துறவி மாதிரி, ராமநாதபுரம் பக்கத்து மறவர் சீமை முழுக்க நடந்தே வேதம் சொன்னாரு. ஒருதடவ பிடிச்சு சித்திரவதை பண்ணி, இனி இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியும், போர்ச்சுகல் போய்ட்டு திரும்ப இங்கயேதான் வந்தாரு. அங்கயே இருங்கன்னு ராஜாவே சொல்லியும் கேக்கலயே, எனக்கு அதான் பெரிய விஷயமா படுது.

இன்னொன்னு நாம அதிகம் பேசறதில்ல. மறவர் அரச குடும்பத்து தடியத்தேவர் சீக்கா கெடந்தப்போ சாமியார் உடனே போக முடியாம வேதம் சொல்லிக்குடுக்கற ஒரு உபதேசியாரத்தான் அனுப்புனாரு, அவரு நற்செய்தி வாசிச்சு ஜெபிச்சதும் தேவருக்கு குணமாச்சு. அப்புறம் ஞானஸ்நானம் வாங்குன தேவர் ஒரே மனைவியோட வாழ்றேன்னு மத்தவங்கள அனுப்பிட்டாரு, அதுல ஒருத்தங்க ராமநாதபுரம் ராஜா சேதுபதியோட சொந்தம், அங்கதான் பகை மூண்டுச்சு. கடைசில அந்த ராஜா கிழவன் சேதுபதி உத்தரவுல அருளானந்தர ஓரியூருக்கு கொண்டுவந்தாங்க. சிறையில மை இல்லாம கரியத் தண்ணில கரைச்சு கடைசிக் கடிதம் எழுதியிருக்காரு! 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன் அன்னைக்கு தலைய வெட்டுனாங்க. 1947ல புனிதர் பட்டம் குடுத்தாங்க.

கோயிலுக்குள்ள ரொம்ப நேரம் முழங்கால்ல இருந்தேன், எதுவும் கேக்கத் தோணல, நன்றி மட்டும்தான் வந்துச்சு. பேரு தெரியாத அந்த உபதேசியார் மாதிரி எத்தன பேரு ஊர் ஊரா நடந்து ஜெபம் சொல்லிக் குடுத்ததால நம்ம பங்குகள் எல்லாம் வேர் பிடிச்சிருக்கும்! பிப்ரவரி திருவிழாவுக்குப் போறவங்க மண்ணு எடுக்கும்போது அவங்களுக்கும் சேத்து ஒரு பரலோக மந்திரம் சொல்லிட்டு வாங்க.