ஷல்யாபினைக் கேட்ட நாட்கள்

3 ஜூன் 2025, செவ்வாய்

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் முசோர்க்ஸ்கி இசையமைத்த ‘போரிஸ் கொதுனோவ்’ ஒப்பேராவின், அதாவது இசைநாடகத்தின், மரணக் காட்சியைப் போட்டேன். ரஷ்யப் பாடகர் ஃபியோதர் ஷல்யாபின் பாடியது. 1928 ஜூலை 4 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில், மேடையில் நாடகம் நடக்கும்போதே எடுத்த பதிவு. அப்போது அவருக்கு 55 வயது. சுற்றியிருந்தவர்கள் இத்தாலிய மொழியில் பாட, இவர் மட்டும் ரஷ்ய மொழியில் பாடுகிறார். அவரிடம் போய் மாற்றிப் பாடச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

சாவு மணி அடிக்கிறது. தூரத்தில் துறவிகளின் சேர்ந்திசை. மகனிடம் பேசிக்கொண்டிருக்கும் ஜார் போரிஸ் சட்டென்று எழுந்து, “பொறுங்கள், நான் இன்னும் ஜார்தான்” என்று கத்துகிறார். அந்த ஒரு வரியில்தான் முழுக்குரலும் வெளியே வருகிறது. அடுத்த நொடியே இறங்கிவிடுகிறது. “மன்னியுங்கள்” என்பது பாட்டே இல்லை, மூச்சு. பக்கத்து அறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, “யாருக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்டார். ரஷ்யாவில் ஒரு ராஜா செத்துவிட்டார் என்றேன்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பெரிய குரல், இடிக்குரல் என்றே சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவரைவிடக் கனமான பாஸ் (ஆண்களின் கீழ்ஸ்தாயி) குரல்கள் ரஷ்யாவில் நிறைய உண்டு. இவர் குரலை எங்கே அடக்குகிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

5 ஜூன், வியாழன்

பிறப்பு 1873, ரஷ்யாவின் கசான். அப்பா ஒரு அலுவலகத்தில் எழுத்தர், குடித்தால் அடிப்பார். பையனைச் செருப்புத் தைக்க அனுப்பினார்கள், மரம் கடையும் பட்டறைக்கு அனுப்பினார்கள், பிறகு அலுவலகத்தில் நகல் எழுதவும் வைத்தார்கள். எதிலும் ஒட்டவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் மட்டும் நிலைத்தான்.

கசானில் ஒரு பாடகர் குழுவுக்கு ஆள் எடுத்தபோது, பின்னாளில் எழுத்தாளரான மக்சீம் கார்க்கியைச் சேர்த்துக்கொண்டு ஷல்யாபினைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ புனைவோ, சொல்லச் சொல்ல அலுக்காத கதை.

1890இல் ஊஃபாவில் ஒரு நாடகக் குழுவில் கோரஸ் ஆள். அப்புறம் ஊர் ஊராகப் பட்டினி. 1892 வாக்கில் திஃப்லிஸ், அதாவது இன்றைய திபிலிசி, போய்ச் சேர்ந்தார். அங்கே த்மித்ரி உசாத்தவ் என்ற பழைய டெனர் (ஆண்களின் மேல்ஸ்தாயி) பாடகர் இருந்தார். மாஸ்கோ பல்ஷோய் அரங்கில் சைக்கோவ்ஸ்கியின் ‘யெவ்கேனி அனேகின்’ ஒப்பேரா முதன்முதலில் மேடையேறியபோது லென்ஸ்கியாகப் பாடியவர் அவர்தான். இந்தப் பையனிடம் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். சாப்பாடு போட்டார், துணிமணி கொடுத்தார், மேஜையில் எப்படி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். இத்தாலிய இசைதான் உசத்தி என்றிருந்த மாணவர்களுக்கு நடுவே முசோர்க்ஸ்கியின் இசையை எடுத்து விளக்கியவரும் அவரே. ஷல்யாபினுக்குப் பாட்டு வாத்தியார் என்று சொல்ல இவர் ஒருவர்தான்.

8 ஜூன், ஞாயிறு

லீவு நாள். காலையிலிருந்து இதே வேலை.

22 வயதில் பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி அரங்கில் இடம் கிடைத்துவிட்டது. கிடைத்தும் பிரயோஜனமில்லை, பெரிய வேடங்களை யாரும் நம்பிக் கொடுக்கவில்லை. 1896இல் சவ்வா மாமொந்தோவ் தன் தனியார் ஒப்பேராவுக்கு இழுத்துக்கொண்டார். ரயில்பாதை போட்டுச் சம்பாதித்த பணக்காரர். அந்தப் பணத்தைக் கலையில் கொட்டியவர். அங்கே திரைச்சீலை வரைந்தவர்கள் கரோவின், வ்ரூபெல் மாதிரி ஓவியர்கள். குழுவில் கொஞ்ச காலம் இசை நடத்துநராக இருந்தவர் ரஹ்மானினோவ். கூடவே உட்கார்ந்து ‘போரிஸ்’ முழுவதையும் ஷல்யாபினுக்குப் பாடம் பண்ணிவைத்தவரும் அவர்தான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் 1898 கோடைகாலம். போரிஸ் வேடத்துக்குத் தயாராகும்போது ஷல்யாபின் நேராகப் போய்ப் பிடித்தது ஒரு வரலாற்றுப் பேராசிரியரை. வசீலி க்ளியூச்செவ்ஸ்கி, ரஷ்ய வரலாற்றில் பெரிய தலை. இரண்டு பேரும் காட்டுப் பாதையில் நடக்க, போரிஸின் அவையில் இருந்த தந்திரக்காரப் பிரபு ஷூயிஸ்கி எப்படி நடப்பான், எப்படி நின்று பேசுவான் என்று கிழவர் நடித்தே காட்டினாராம். இவருக்குப் பாட வந்தால் ஷூயிஸ்கியாக என்னோடு மேடை ஏற்றியிருப்பேனே என்று ஷல்யாபின் பின்னாளில் ஏங்கியிருக்கிறார்.

ஒப்பேராவில் அந்தக் காலத்தில் இப்படிச் செய்ய மாட்டார்கள். முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, உச்சஸ்தாயியைப் பிடித்துவிட்டுப் போவார்கள். இவர் முகப்பூச்சையே தானாக வரைந்து பார்த்துத்தான் போட்டுக்கொள்வார். முதல் ஸ்வரம் பாடுவதற்கு முன்பே, நடந்து வருவதைப் பார்த்தே ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும் என்ற பிடிவாதம். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிப்புக்கு முறை வகுத்தபோது கண்முன் வைத்திருந்த ஆட்களில் இவரும் ஒருவர் என்றால் ஆச்சரியமில்லை.

9 ஜூன், திங்கள்

அலுவலகத்தில் தலைக்குமேல் வேலை. ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். 1901, மிலானின் லா ஸ்காலா ஒப்பேரா அரங்கம். பொய்தோவின் ‘மெஃபிஸ்தோஃபெலே’வில் சாத்தான் வேடம், கூடப் பாடியது கரூஸோ, இசை நடத்தியது தொஸ்கனீனி. காசு வாங்கிக் கை தட்டும் கும்பல் ஒன்று அங்கே உண்டு; கொடுக்காவிட்டால் ஊளையிடுவார்கள். இவர் ஒரு காசு கொடுக்கவில்லை. அரங்கம் தானாகவே எழுந்து ஆர்ப்பரித்தது.

14 ஜூன், சனி

அரசியல் பக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1911இல் மரீன்ஸ்கியில் ‘போரிஸ்’ நடந்தபோது மேல் இருக்கையில் ஜார் நிக்கலாய் உட்கார்ந்திருந்தார். ஓய்வூதியம் கேட்டு மனுப்போட நினைத்த கோரஸ்காரர்கள் திடீரென்று மண்டியிட்டு அரசவாழ்த்துப் பாட, மேடையில் மாட்டிக்கொண்ட ஷல்யாபினும் ஒரு முழங்காலை மடக்கினார். அவ்வளவுதான். மார்க்சியத் தலைவர் பிளெஹானவ் அவருடைய படத்தைத் திருப்பி அனுப்பினார். ஓவியர் சிரோவ் உறவை முறித்தார். சமாதானம் ஆகாமலே அதே ஆண்டு இறந்தும் போனார். கார்க்கியே கோபித்துக்கொண்டார், பிறகு சேர்ந்துகொண்டார்கள்.

புரட்சிக்குப் பிறகு 1918இல் ‘மக்கள் கலைஞர்’ பட்டம் முதன்முதலில் கொடுக்கப்பட்டது இவருக்குத்தான். கச்சேரிக்குக் கூலியாக மாவும் முட்டையும் வாங்கிய காலம் அது. கனத்த விலங்குரோமக் கோட்டு ஒன்றும் அப்படி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நின்றவரைத்தான் குஸ்தோதியெவ் வரைந்தார். ஓவியருக்குக் கால்கள் வராது. சக்கர நாற்காலியில் இருந்தபடி, கூரையில் கப்பி கட்டித் தொங்கவிட்ட சீலையைச் சாய்த்துச் சாய்த்து வரைந்த படம் அது. கோட்டைவிட அந்தக் கப்பிதான் என் மனதில் நிற்கிறது.

1922இல் வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போனவர் திரும்பவில்லை. பாரிஸில் புலம்பெயர்ந்த ரஷ்யர்களின் ஏழைக் குழந்தைகளுக்குப் பணம் கொடுத்தார் என்று 1927இல் பட்டத்தைப் பறித்தார்கள். 1938இல் அங்கேயே ரத்தப் புற்றில் இறந்தார். 1984இல் எலும்புகளைக் கொண்டுவந்து மாஸ்கோ நவதேவிச்சி கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1991இல் பட்டமும் திரும்பியது. ஜார் முன்னால் மண்டியிட்டார் என்று திட்டியவர்களுக்கும் குழந்தைகளுக்குக் காசு கொடுத்தார் என்று தண்டித்தவர்களுக்கும் வித்தியாசம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பாடகன் தங்கள் ஆளாக இருக்க வேண்டும், அதுதான் இருவருக்கும் வேண்டியது.

15 ஜூன், ஞாயிறு

என்ன மிச்சம் என்று பார்த்தால், கசானில் அவர் பெயரில் 1982 முதல் ஒப்பேரா விழா நடக்கிறது. மாஸ்கோவில் அவர் 1910இல் வாங்கிய வீடு அருங்காட்சியகம். தோக்கியோவில் ஒரு மாட்டிறைச்சி வறுவல்! 1936இல் போனபோது பல் வலி. இம்பீரியல் ஹோட்டல் சமையல்காரர் இறைச்சியைத் தட்டி மெலிதாக்கி, வெங்காயத்தில் ஊறவைத்து, சுலபமாக மெல்லும்படி செய்துகொடுத்தார். ‘ஷல்யாபின் ஸ்டேக்’ என்று ஜப்பானில் அது நிலைத்துவிட்டது.

மேடையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் சிக்கலானது. அவருக்குப் பின் வந்த போரிஸ்கள் பலரையும் இன்று வரிசையாகக் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் எடுத்துக்கொண்டது விம்மலையும் கேவலையும்தான். தாளத்தை இஷ்டத்துக்கு இழுப்பதையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்காக ஷல்யாபினே நடத்துநர்களோடு சண்டை போட்டவர். க்ளியூச்செவ்ஸ்கியோடு நடந்த நடையை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

பாரிஸில் ரஷ்யத் தேவாலயக் குழுவோடு 1932இல் அவர் பதிவு செய்த பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. அதில் வேடம் இல்லை, நடிப்பு இல்லை. அதை அடுத்த வாரம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.