இணையத்தை வளர்த்தது விளம்பரமா?

கூகுளும் யூடியூபும் இலவசமாகக் கிடைப்பதால், இணையமே விளம்பரக் காசில் வளர்ந்தது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

கேபிள் போட்ட காசு விளம்பரத்திலிருந்து வரவில்லை. அமெரிக்காவில் இணையத்தின் முதுகெலும்பாக இருந்த என்.எஸ்.எஃப்.நெட் என்ற வலையமைப்பு அரசுப் பணத்தில் ஓடியது. வணிகத்துக்கு அதில் கட்டுப்பாடு இருந்தது. 1995 ஏப்ரலில் அது மூடப்பட்டபின் தனியார் நிறுவனங்கள் சந்தா வாங்கி நடத்தின. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். கொடுத்த இணைப்புக்கும் நாம்தான் கட்டணம் கட்டினோம். இன்றைக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதும் நாம்தான்.

விளம்பரம் தாங்கிப் பிடித்தது தேடலையும் வீடியோவையும். அதற்கு வழி திறந்தது, கூகுள் 2002இல் ஆட்வேர்ட்ஸ் என்ற தன் விளம்பரச் சேவையில் கொண்டுவந்த கிளிக் ஏலம்: விளம்பரத்தை யாராவது அழுத்தினால்தான் காசு, எவ்வளவு என்பதை ஏலம் முடிவு செய்யும். கிளிக்குக்கு அதிகம் தருபவருக்கே முதலிடம் என்று அதில் இல்லை. ஒருவர் கிளிக்குக்கு 10 ரூபாய் வரை தரத் தயார், அவர் விளம்பரத்தை 100 பேர் பார்த்தால் ஒருவர் அழுத்துகிறார் என்று வையுங்கள்: 100 பார்வைக்கு 10 ரூபாய். இன்னொருவர் தருவது 4 ரூபாய்தான், ஆனால் 4 பேர் அழுத்துகிறார்கள்: 16 ரூபாய். மேலிடம் இவருக்கு. கட்ட வேண்டியதும் 4 ரூபாய் அல்ல. அடுத்தவரின் 10 ரூபாயைத் தாண்ட 4 கிளிக்குக்கும் தேவையான தலா 2.50க்குக் கொஞ்சம் மேல். தேடுபவருக்குப் பொருத்தமாக விளம்பரம் செய்த சின்னக் கடைக்காரரும் பெரிய நிறுவனத்தை முந்த முடிந்தது. இப்போது கணக்கில் வேறு பல காரணிகளும் சேர்ந்துவிட்டன; அடிப்படை இதுதான்.

பிறர் தளங்களில் விளம்பரம் காட்டி, வருவாயில் பங்கு தரும் கூகுளின் சேவை ஆட்சென்ஸ். தமிழ்ப் பக்கங்களுக்கு அது வந்தது 2018 பிப்ரவரியில். அதற்கு வெகு முன்பே, 1998இல் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் தன்னார்வலர்களால் தொடங்கிவிட்டது. 2004இல் தமிழ்மணம் வந்து வலைப்பதிவுகளைத் திரட்டியது. எழுதியவர்கள் காசுக்காக எழுதவில்லை. ஆனால் பலர் எழுதிய பிளாக்கர் என்ற இலவச வலைப்பதிவுத் தளம் கூகுளுடையது. அதன் சர்வர் செலவைப் பிறமொழி விளம்பரங்கள் சுமந்தன என்பதையும் மறைக்கக்கூடாது.

இன்று தமிழ்த் தளத்தில் ஆட்சென்ஸ் போடுபவர்கள் கவனிக்க: வருமானம் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்க ரகசிய எண் (PIN) தபாலில் வரும், அதைப் பதியாவிட்டால் பணம் வராது. 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு அனுப்புவார்கள். உங்கள் தளத்தில் வரும் விளம்பரத்தை நீங்களோ நண்பர்களோ அழுத்தினால் தொகை பிடிக்கப்படும், கணக்கே முடங்கலாம்.

நல்ல கூட்டம் வந்தும் காசு குறைவாக இருந்தால், பெரும்பாலும் உங்கள் பக்கத்து விளம்பர இடத்துக்கான ஏலத்தில் போட்டிக்கு ஆள் இல்லை என்று பொருள். போட்டி இல்லாத இடத்தில் விலை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது பலர் பத்திக்குப் பத்தி விளம்பரம் செருகுகிறார்கள். பக்கம் திறக்க நேரமாகி, வாசகர் பாதியிலேயே போய்விடுகிறார். அதைவிட, உங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் உள்ளூர் கடையிடம் மாத வாடகை பேசி, அவர்களின் ஒரே ஒரு விளம்பரப் படத்தை நேரடியாகப் போடுங்கள்.