டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு எந்த டிஸ்டார்ஷன் பெடல்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி என்று இந்தப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிதார் வைத்திருப்பவர்கள் வீட்டில் நான் பார்த்த ஆம்ப் (கிதார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) அநேகமாக எல்லாமே சாலிட் ஸ்டேட், அதாவது டிரான்சிஸ்டரில் ஓடுகிற வகைதான். கண்ணாடிக் குழாய்களில் ஓடுகிற டியூப் ஆம்ப் என்றால் விலை ஒரு பக்கம், டியூப் போய்விட்டால் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், சரிபார்க்க ஆள் தேடிக் கோவைக்கு இறங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அது நன்றாகப் பேசுகிற அளவுக்குச் சத்தம் வைத்தால் லைன் வீட்டில் பக்கத்துச் சுவர்க்காரர் வந்து கதவைத் தட்டுவார். அதனால் ஸ்ட்ரேஞ்சர் க்யூப், மார்ஷல் எம்ஜி, ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன், இந்த வகைதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. புளூஸ் கிதார் மேதை பி.பி. கிங் விரும்பி வாசித்த லேப் சீரிஸ் எல்5 டிரான்சிஸ்டர் ஆம்ப். பேன்டெரா என்ற மெட்டல் இசைக்குழுவின் டைம்பேக் டாரல் அந்த அறுக்கிற சத்தத்தை ரேண்டல் ஆர்ஜி100ல்தான் எடுத்தார், அதுவும் டிரான்சிஸ்டர். 1975ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 இன்றும் மேடைகளில் நிற்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் சொருகிச் சத்தத்தைக் கரடுமுரடாக்குகிற டிஸ்டார்ஷன் பெடல்களில், டியூப் ஆம்ப்பை அதன் எல்லை தாண்டித் தள்ளுவதற்காகச் செய்த ஒன்றை, டியூப் ஆம்ப் வைத்திருக்கிற ஒருவர் போட்ட வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவந்து, வீட்டில் இருக்கிற எட்டு இன்ச் ஸ்பீக்கரில் சொருகிவிட்டு, "ஏன் கொசு கத்துற மாதிரி இருக்கு?" என்று கேட்கிறபோதுதான்.

டியூப் ஆம்ப்பில் சிக்னல் அதிகமாகும்போது அது கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கும், அலையின் முனை மெல்ல மழுங்கும், கூடவே சத்தம் தடிக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பின் கிளீன் சேனலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு கட்டம் வரை ஒன்றும் ஆகாது, அப்புறம் தாழ்வான நிலைப்படியில் தலை இடித்த மாதிரி திடீரென்று முனை தட்டையாக வெட்டுப்படும். அப்படி வெட்டுப்படும்போது பிறக்கிற மேல் அதிர்வுகள்தான் காதைக் குத்துகிற அந்தக் கரகரப்பு. ஆகவே "பெடலில் டிரைவை (டிஸ்டார்ஷன் அளவு) குறை, லெவலை (வெளியே போகிற சத்தம்) முழுக்க ஏற்று, ஆம்ப்பே பாடும்" என்ற பழைய யோசனை இங்கே வேலைக்கு ஆகாது. கிளீன் சேனலில் அது சத்தத்தை மட்டும்தான் கூட்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பெடல்தான் முழுக் குரலையும் தர வேண்டும், ஆம்ப் அதைப் பெரிதாக்கினால் போதும். பெடல் தேர்வில் நான் பார்க்கிற முதல் விஷயம் இதுதான்: தனியாக, வேறு எதன் உதவியும் இல்லாமல், அது முழுமையாக ஒலிக்கிறதா?

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது எல்லோரும் கேட்கிற டியூப் ஸ்க்ரீமர். கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி, "அண்ணா, டிஎஸ்9 வாங்கலாமா, இல்ல காசு சேர்த்து 808 வாங்கலாமா?" என்று கேட்டான். டிஎஸ்9 (TS9), 808 இரண்டுமே டியூப் ஸ்க்ரீமர் மாடல்கள்தான். எந்த ஆம்ப்புடா என்றேன். பதினைந்து வாட் டிரான்சிஸ்டர், கிளீன் சேனலில்தான் வாசிப்பானாம். அப்போ ரெண்டும் வேண்டாம் என்றேன். ஐபனீஸ் அதை 1970களின் கடைசியில் கொண்டுவந்தது. ஸ்டீவி ரே வான் போன்ற புளூஸ் கிதார்காரர்கள் அதைப் போட்டது சத்தமாக வைத்த டியூப் ஆம்ப்புகளுக்கு முன்னால். அதன் சர்க்யூட் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற பேஸை (கனத்த கீழ் ஒலி) குறைத்துவிட்டுத்தான் டிஸ்டார்ட் செய்யும், அப்புறம் டோன் பகுதி மேலேயும் கொஞ்சம் வெட்டும், நடுவில் மூக்கடைத்த மாதிரி ஒரு மேடு மிஞ்சும். ஏற்கெனவே பேஸ் தளும்புகிற பெரிய டியூப் ஆம்ப்புக்கு அந்த மேடு வரம். பேஸே இல்லாத சின்னப் பெட்டிக்கு மிஞ்சுவது மூக்கு மட்டும்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் ஆம்ப்பின் டிஸ்டார்ஷன் சேனல் பரவாயில்லை, ஆனால் கீழ் நோட்டுகள் கொழகொழவென்று இருக்கின்றன என்றால், அதற்கு முன்னால் டிஎஸ்9 அல்லது பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்டி-1ஐ டிரைவ் குறைத்துப் போட்டால் கீழ்ப்பகுதி இறுகிவிடும். எஸ்டி-1ன் விலைக்கு அது நல்ல வேலை.

கிளீன் சேனலுக்கு நான் முதலில் காட்டுவது பாஸ் பிடி-2 புளூஸ் டிரைவர். 1995ல் வந்தது, இன்னும் விற்கிறது. பேஸை வெட்டாது, கையின் அழுத்தத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும், கிதாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்தால் கிட்டத்தட்ட கிளீன் ஆகிவிடும். கெயினை (டிரைவுக்கே இன்னொரு பெயர்) முக்கால்வாசி தாண்டினால் கொஞ்சம் பிய்ந்த மாதிரி ஒலிக்கும், சிலருக்கு அதுதான் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. டோனை நேர் மேலே வைக்காமல் அதற்குக் கொஞ்சம் கீழே வைத்துத் தொடங்குங்கள்.

கனமான சத்தம் வேண்டுமென்றால் ரேட் (RAT) என்ற பெடல். புரோகோ 1970களின் கடைசியில் செய்தது, ஒரிஜினலில் இருந்த எல்எம்308 சிப் ரொம்ப மந்தமானது, வேகமான மேல் அதிர்வுகளுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. காகிதத்தில் அது குறை. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அதுவே மருந்து, ஏனென்றால் நமக்கு வேண்டாத கரகரப்பைப் பெடலே பாதி விழுங்கிவிடுகிறது. ஒன்று கவனம்: அதில் டோன் என்று இருக்காது, ஃபில்டர் என்று இருக்கும், அது தலைகீழாக வேலை செய்யும். வலப்பக்கம் திருப்பத் திருப்ப ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) குறையும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பாதிக்கு மேலே திருப்பி வைப்பதுதான் எனக்குச் சரியாக வருகிறது.

பாஸ் டிஎஸ்-1 (DS-1, மேலே சொன்ன டிஎஸ்9 வேறு) மலிவு, எங்கும் கிடைக்கும், 1978லிருந்து இருக்கிறது, நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வாசித்தது என்பதால் கேட்டு வருகிறவர்களும் உண்டு. டோனைப் பாதிக்கு மேல் ஏற்றினால் பல் கூசும். பத்து மணி நிலையில் வைத்தால் நல்ல பெடல். பாஸின் இன்னொரு பெடலான மெட்டல் ஸோனைக் கேலி செய்வது இணையத்தில் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அதில் இருக்கிற நகர்த்தக்கூடிய மிட் (நடு ஒலி) கன்ட்ரோலைக் குறைத்தே வைத்து வாசித்துவிட்டுத் திட்டுகிறார்கள். மிட்டைக் கூட்டி, கெயினைப் பாதியாக்கி, ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஓட்டை இருந்தால் அதில் நேரே சொருகிப் பாருங்கள், வேறு பெடலாகத் தெரியும்.

கையில் காசு குறைவு என்றால் ஜோயோ அமெரிக்கன் சவுண்ட். இது பெடல் வடிவில் ஒரு ஃபெண்டர் ஆம்ப்பும் அதன் ஸ்பீக்கரும் மாதிரி செய்ய முயல்கிற பொருள். டெக் 21 நிறுவனத்தின் யோசனையிலிருந்து எடுத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நம்மூருக்கு இது ஏன் முக்கியம் என்றால், இங்கே பாதிப் பேர் வாசிப்பது ஆம்ப்பிலேயே இல்லை. சபையில் அஹுஜா மைக்செட் பெட்டி, தூண் மாதிரி நெட்டையான இரண்டு காலம் (column) ஸ்பீக்கர், கிதாருக்கும் பாஸ்டர் மைக்குக்கும் ஒரே மிக்ஸர். கிதார் ஸ்பீக்கர் சுமார் ஐந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத் தானாகவே விழுங்கிவிடும், டிஸ்டார்ஷன் சர்க்யூட்டுகளை அதை நம்பித்தான் வடிவமைக்கிறார்கள். மேடை ஸ்பீக்கர் எதையும் விழுங்காது, இருப்பதையெல்லாம் துப்பும். அதில் ரேட்டையோ டிஎஸ்-1ஐயோ நேரே சொருகினால் டிசம்பர் கேரலில் முன்வரிசைப் பாட்டிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், அவர்கள்மேல் தப்பே இல்லை. மிக்ஸருக்குப் போகிறவர்கள் ஸ்பீக்கர் சிமுலேஷன் (கிதார் ஸ்பீக்கர் மாதிரி மேல் ஒலியை வெட்டுகிற வசதி) உள்ள பெடலைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம்.

இரண்டாவது டிஸ்டார்ஷன் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் காசில் ஒரு ஏழு பேண்ட் ஈக்வலைசர் (ஒலியின் ஏழு பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குகிற பெடல்) வாங்குங்கள். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்து, கடைசியில் இருக்கிற 6.4 கிலோஹெர்ட்ஸ் பட்டையை நன்றாக இறக்கி, 800ஐக் கொஞ்சம் ஏற்றினால், பிடிக்காத பெடல் பிடித்த பெடலாகிவிடும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஈக்வலைசரில் படம் எடுத்துப் போட அழகாக ஒன்றும் இல்லை போல.

கோவைக்கு இறங்கிக் கடையில் பார்த்து வாங்குவதாக இருந்தால் சொந்தக் கிதாரை எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் பெருமையாகக் காட்டுகிற பெரிய ஆம்ப்பில் வாசிக்காமல், மூலையில் கிடக்கிற சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியைக் கேட்டு வாங்கி அதில் வாசியுங்கள். இரண்டு சத்தத்தில் கேட்க வேண்டும். மெல்ல வாசிக்கும்போது நம் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாகவே விழும், அதனால் வீட்டில் ராத்திரி மிட்டைக் குறைத்து வைத்தால் பிரமாதமாக இருக்கும். அதே செட்டிங்கை டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் கிதார் காணாமல் போகும். பெடலில் மிட் போதுமான அளவு இருக்கிறதா என்று சத்தமாக வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் (சத்தத்தைப் பஞ்சு மாதிரிப் பிய்க்கிற பழைய வகை டிஸ்டார்ஷன்) பெடல் பற்றியும் கேட்கிறார்கள். 1966ல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் சூடு ஏற ஏறக் கசிவு கூடும், அதனால் சமவெளியில் சித்திரை வெயிலில் அது சொன்னபடி கேட்காது. இந்த விஷயத்தில் நாம் மேட்டில் இருப்பது கொடுத்துவைத்ததுதான். ஆனாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு முதல் பெடலாக ஃபஸ் வேண்டாம்.

மலையில் வேறு தொந்தரவு ஈரம். அக்டோபர், நவம்பர் மழையில் திருப்புகிற குமிழின் பாட் (pot) கரகரக்கும், ஜாக் பச்சை பிடிக்கும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு மூடி வைத்தாலே பாதி சரி. கரன்ட் இன்னொரு கதை. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். மோடத்தோடு வந்த அடாப்டர் சும்மா கிடக்கிறதே என்று சொருகாதீர்கள், அதில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மழையில் கரன்ட் போய் வீடு இன்வெர்ட்டருக்கு மாறியதும் டிஸ்டார்ஷன் பெடலில் ஒரு ரீங்காரம் வருகிறதே, அது பெரும்பாலும் பெடலின் குற்றமில்லை, சதுர அலை தருகிற பழைய இன்வெர்ட்டர் அடாப்டர் வழியாகவும் ஆம்ப் வழியாகவும் உள்ளே வருகிறது, கெயின் கூடக் கூட அதுவும் பெரிதாகும். அந்த நேரத்துக்குப் பெடலில் 9 வோல்ட் பேட்டரி போட்டுக்கொண்டால் ஒரு வழியையாவது அடைக்கலாம். வாசித்து முடித்ததும் இன்புட் கேபிளை உருவிவிடுங்கள், பெடலை அணைத்திருந்தாலும் கேபிள் சொருகியிருக்கிற வரை பேட்டரி தீர்ந்துகொண்டேதான் இருக்கும்.