போதும்ல, டாக்டரம்மா?

"இப்ப சேர்ந்திருக்கிற பணம் ஆபரேஷனுக்குப் போதும்ல, டாக்டரம்மா?" என்று பையனின் அப்பா கேட்டார். நான் டாக்டர் இல்லை, ஃபிசியோதெரபிஸ்ட் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

"போதும். ஆனா இப்பப் பண்ண வேணாம்."

அவர் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பையனுக்குப் பெருமூளை வாதம், மூளை பாதிப்பால் தசைகள் இறுகிப்போகும் நிலை. ஏழு வயசு, நுனிக்கால் நடை. ஷூவின் முனை தேய்ந்து விரல் தெரியும். குதிகால் பக்கம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். குதிநாணையும் தொடைப் பின்தசையையும் நீட்டிவிடுவது சர்ஜனுக்கு ஒருநாள் வேலை. பிறகு மாவுக்கட்டு, காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட், ஓராண்டுக்காவது தெரபி. நீட்டிய தசை முதலில் பலமிழக்கும். தெரபியை விட்டால் முழங்கால் மடங்கிப்போய், பழைய நடையே தேவலை என்றாகிவிடலாம்.

அதனால்தான் திரட்டும் தொகையில் தெரபியையும் ஸ்பிளின்ட்டையும் சேர்க்கச் சொன்னேன். நன்கொடை கேட்கும் நிதிப் பக்கத்தை எழுதிய பெண்ணுக்கு அதில் இஷ்டமில்லை. "ஆபரேஷன்னா கொடுப்பாங்க மேடம். எக்சர்சைஸுக்கு யார் கொடுப்பா?" அவர் சொன்னபடியே ஆனது. ஆபரேஷன் அளவுக்கு மளமளவென்று வந்த பணம் அதோடு நின்றது.

காத்திருந்த நாட்களில் கணுக்கால் இன்னும் இறுகியது. வளர்கிற பிள்ளை, எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. சீக்கிரம் செய்தாலும் சிக்கல்தான். சின்ன வயதில் நீட்டினால் மறுபடி இறுகும் வாய்ப்பு அதிகம், அவசரமில்லை என்று சர்ஜனே சொல்லியிருந்தார். முடிவும் அவருடையதுதான். ஆனால் அப்பா கேட்டது என்னை.

தெரபிக்கான பணத்தில் பாதி வந்ததும் சரி என்றேன். பாதி போதுமென்றால் அன்றைக்கே ஆரம்பித்திருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கட்டுப் பிரித்தாயிற்று. கம்பிகளைப் பிடித்து நிற்கிறான், குதிகால் தரையில் பதிகிறது, முழங்கால் நடுங்குகிறது. பணம் கொடுத்தவர்கள் நடக்கிற வீடியோ கேட்கிறார்களாம். சில மாதம் பொறுக்கச் சொன்னேன்.

"முன்னாடி நுனிக்கால்லயாவது ஓடுவான்" என்றார் அப்பா.

இதற்குத்தான் அன்றைக்கு வேண்டாமென்றேன் என்று வாய்வரை வந்தது. கையிலிருக்கும் பணம் எந்த மாதத்தோடு தீரும் என்ற கணக்கும் என்னிடம் இருந்தது. "வந்துடும்ங்க" என்று மட்டும் சொன்னேன்.