வெயில் பார்த்து ஏறும் மலை

நவம்பர் 9, 2025, ஞாயிறு

பார்சிலோனா பிளாசா எஸ்பான்யாவில் ரயிலேறி, மோனிஸ்ட்ரோலில் பல்சக்கர ரயிலுக்கு மாறி மொன்செராட் மலை. பெட்டியில் பாதிப்பேர் அங்குள்ள மடத்தின் கறுப்பு மாதா சிலையைத் தரிசிக்க வந்தவர்கள். மீதிப்பேர் எங்களைப் போலப் பாறை ஏற வந்தவர்கள், முதுகில் கயிறு. 1025-இல் தொடங்கிய மடத்துக்கு இந்த வருடம் ஆயிரமாவது ஆண்டு, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

இந்தப் பாறை தனி ரகம். ஏதோ பழங்காலத்து ஆறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கற்கள் இறுகிப்போய், மலை முழுக்கக் கடலை மிட்டாய் மாதிரி நிற்கிறது. பிடிக்க விளிம்போ வெடிப்போ அதிகம் இல்லை; துருத்தி நிற்கும் கல்லைத்தான் நம்ப வேண்டும். கூட வந்த கத்தலான் நண்பர் ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்த பிறகே கை வைக்கிறார். பொள்ளலாகச் சத்தம் வந்தால் தொடுவதில்லை. கைவலுவெல்லாம் அப்புறம், ஷூ நுனியை ஊன்றிக் காலில் நிற்கத் தெரிய வேண்டும். பழைய ரூட்களில், கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே தூரம் வேறு அதிகம். கீழே நின்று கயிறு பிடிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வயிறு கலங்கத்தான் செய்கிறது.

நவம்பர் 16

மழை. போகவில்லை.

இங்கே எந்தப் பாறை என்று முடிவு செய்யும்போது, எவ்வளவு கஷ்டம் என்பதற்கு முன்னால் "வெயிலா, நிழலா?" என்றுதான் கேட்கிறார்கள். குளிர்காலத்தில் தெற்கு பார்த்த சுவர், கோடையில் வடக்கு. சென்னையில் நிழலுக்காகவே ரோட்டைக் கடந்து பழகியவன் நான். இப்போது மொபைலில் வெயில் எத்தனை மணிவரை விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 7

நீண்ட விடுமுறை. சியுரானாவில் கார் நிறுத்த இடமில்லை. செங்குத்துச் சுண்ணப்பாறையின் விளிம்பிலேயே ஊர். 1153-இல் கோட்டை விழுந்தபோது மூர் (அந்நாளைய முஸ்லிம்) அரசி குதிரையோடு பாறையிலிருந்து குதித்தாளாம். குளம்புத் தடம் என்று ஒரு பள்ளத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மதியம் பனியனோடு ஏறினோம். மலைக்குப் பின்னால் சூரியன் போன பத்தாவது நிமிடம் விரல் மரத்துப்போய், பிடித்தது பாறையா பனிக்கட்டியா என்றே தெரியவில்லை. கீழே கயிறு பிடித்தவர் இரண்டு ஜாக்கெட் போட்டிருந்தார்.

திரும்பும் வழியில் லா ரம்ப்லா என்ற ரூட்டை அண்ணாந்து பார்த்தோம். 1994-இல் ஜெர்மன்காரர் அலெக்சாண்டர் ஹூபர் ஏறியது. 2003-இல் ராமோன் ஹூலியான் இன்னும் மேலே உச்சிவரை போய் முடித்தார். கஷ்டத்தைச் சொல்லும் கிரேடு 9ஏ+, மிக மிகக் கடினம். என்னுடைய கிரேடைக் கேட்காதீர்கள்.

டிசம்பர் 14

அடுத்த ஜூலைக்கு வடக்கே பிகோஸ் தே யூரோப்பா மலைத்தொடர், அதில் நரான்ஹோ தே புல்னெஸ் சிகரம், 2519 மீட்டர். 1904-இல் பேத்ரோ பிடால் என்ற பிரபுவும் கிரெகோரியோ பெரெஸ் என்ற உள்ளூர்க்காரரும் முதலில் ஏறியது வடக்கு முகத்தில். நமக்கு அந்த வீராப்பு வேண்டாம். தெற்கு வழி சுலபம், வெயிலும் கிடைக்கும். லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி நண்பர் வீட்டில் அனுமதி வாங்க வேண்டும்.