மாணவர்களும் மனநல மருத்துவமும்

செமஸ்டர் தேர்வு நெருங்கும் நாட்களில், மதுரை நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்களில் சிலர் உறக்கமும் பசியும் இழந்து, வகுப்புக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டார் அதைச் சோம்பல் என்பார்கள். இல்லையென்றால் பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள். கோயிலுக்குப் போவதில் தவறே இல்லை. ஆனால் 2 வாரத்துக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளியாகவே காட்டலாம். மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தர 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் என்பதை யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்லாததால், ‘மருந்து கேட்கவில்லை’ என்று பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைப்பதே முறை.

கல்லூரிக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் நள்ளிரவிலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். விடுதிகள் தோறும் மெஸ் வாசலில் இந்த எண்ணை எழுதி ஒட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.